நம்பரைக் கேட்டால் பேர் வரவில்லை

திருப்பாதிரிப்புலியூர்,
தை மாதம், வியாழக்கிழமை.

ஒயர் மாமாவுக்கு, உங்கள் மனைவி தில்லையம்மாள் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கை தமிழ்ச்செல்வியும் கடைப் பின்னறையில் இருக்கும் பெட்டியும் சௌக்கியம். உங்கள் சௌக்கியத்தையும் கேட்க வேண்டியது முறை. ஆவணியில் நீங்கள் போய்ச் சேர்ந்த இடத்தில் முட்டிவலி கிடையாது என்று காரியம் செய்துவைத்த ஐயர் சொன்னார். கரண்ட் கட் உண்டா என்று கேட்க மறந்துவிட்டேன்.

நான் உங்களுக்குக் கடிதம் எழுதியதே இல்லை. எழுத வேண்டிய தூரத்துக்கு நீங்கள் போனதும் இல்லை. தோளில் ஒயர் சுருளை மாட்டிக்கொண்டு கிளம்பினால் மிஞ்சிப்போனால் பண்ருட்டி, சாயங்காலம் திரும்பிவிடுவீர்கள். இப்போது எழுத வைத்தது உங்கள் தங்கைதான். "நம்ம பெட்டியிலேர்ந்து வெளியில ஒரு மெயில் அனுப்பிப் பாக்கணும் அண்ணி. போய்ச் சேந்துட்டா பெட்டி சரியாயிடுச்சின்னு அர்த்தம். யாருக்கு அனுப்பலாம்?" என்றாள். எனக்கு மெயிலில் யாரைத் தெரியும்? உங்கள் போனில் வரும் மெயில் வெளிக் கம்பெனி மெயில்தானே, அதற்கே அனுப்பு என்றேன். "சோதனைன்னு ஒரு வார்த்த அடிச்சாப் போதும்" என்றாள். உங்களிடம் ஒரே வார்த்தை பேசி எனக்குப் பழக்கமில்லை. உன் போனைக் கொடு, நானே அடிக்கிறேன் என்று வாங்கி, ஒற்றை விரலால் அடித்துக்கொண்டிருக்கிறேன். ஐந்தாவது படித்தவள் எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாதியில் "அது எப்ப நடந்துச்சி" என்று கேட்பீர்கள். நம் கேபிள் டிவி தொழில் படுத்த பிறகு நீங்கள் பின்னறையில் ஏசி மாட்டி (எனக்கு ஃபேன், அதற்கு ஏசி) அந்தப் பெட்டியை உட்கார வைத்து, ஊர்க் கடைக்காரர்களுக்கு மெயில் நடத்திக்கொடுத்தீர்கள் அல்லவா? நீங்கள் போன பிறகும் கடையை நாங்கள் மூடவில்லை. பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த தமிழு அதை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்துவிட்டாள். முதுநகர் ஐஸ் கம்பெனி, கீரப்பாளையம் ரைஸ் மில் எல்லாம் இருக்கிறார்கள், ஆனால் அவர்கள் பொங்கலுக்கு ஒரு மெயில் தீபாவளிக்கு ஒரு மெயில் அனுப்புகிற கட்சி. நாள் முழுக்க மெயில் அனுப்புவது சிதம்பரத்தில் டிராவல்ஸ் வைத்திருக்கும் ஹிதாயத்துல்லா பாய் ஒருத்தர்தான். அவர் போய்விட்டால் கடையே இல்லை. அப்படிப் போகட்டும் என்று காத்திருக்கிறான் உங்கள் மகன் அருண். ஒசூரிலிருந்து போன் பண்ணும்போதெல்லாம், "கடைய எறக்கிட்டு இங்க வந்துடும்மா" என்கிறான். நல்ல பிள்ளைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவன் வீட்டில் சன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு சன்னல்தான் தெரிகிறது. எனக்குத் தேரடி தெரிய வேண்டும், ரயில் சத்தம் கேட்க வேண்டும், பெட்டியின் பச்சை விளக்கு மினுக் மினுக் என்று எரிய வேண்டும். அது எரிந்தால் நீங்கள் பின்னறையில் வேலையாக இருக்கிற மாதிரி ஒரு எண்ணம். அதைத் தமிழுவிடம்கூட நான் சொன்னதில்லை.

அப்புறம் மழை வந்தது. மழை வந்தால் ரோடு போடுவார்கள், ரோடு போட்டால் பள்ளம் தோண்டுவார்கள், அது உங்களுக்கே தெரியும். எல்லாம் முடிந்து, அறுந்துபோன இன்டர்நெட் லைன் திரும்பி வந்தபோது, லைன் கம்பெனிக்காரன் நம் பெட்டியின் நம்பரை மாற்றிவிட்டிருந்தான். வீட்டுக்குக் கதவு எண் மாதிரி பெட்டிக்கு ஒரு நம்பராம். மாற்றப்போகிறோம் என்று உங்களுக்கு மெயில் போட்டிருக்கிறான். நீங்கள் பார்க்கவில்லை. உங்கள் மேல் தப்பு இல்லை. தமிழு உடனே நம் பேருக்கு நேரே பழைய நம்பரை எடுத்துவிட்டுப் புது நம்பரைப் போட்டாள், எல்லாருக்கும் மெயில் வர ஆரம்பித்தது, நானும் சர்க்கரைப் பொங்கல் வைத்தேன். மறுநாள் பாய் போன் பண்ணினார்.

"அக்கா, துபாய் போற பையன் ஏர்போர்ட்ல நிக்கிறான். அனுப்புன டிக்கெட்டு எனக்கே திரும்பி வருது."

"இன்னொரு தடவ அனுப்பிப் பாருங்க பாய்."

"அனுப்பிக்கிட்டேதான் இருக்கேன். பையனுக்கு முன்னாடி டிக்கெட்டு ஊரு திரும்பிடுது."

தமிழு திரும்பி வந்த மெயிலைப் படித்து எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். நம் பெட்டி மெயிலைத் தூக்கிக்கொண்டு போய் வெளியூர்க்காரன் கதவைத் தட்டினால், அவன் உடனே திறக்க மாட்டானாம். வந்த நம்பரைப் பார்த்து, இந்த நம்பருக்குச் சொந்தக்காரன் பேர் என்ன என்று ஊரில் விசாரிப்பானாம். பேரைச் சொல்லி நம்பரைக் கேட்பது ஒரு வழி, நம்பரைச் சொல்லிப் பேரைக் கேட்பது திரும்புகிற வழி. போகிற வழி நன்றாக இருக்கிறது. திரும்புகிற வழியில் பேர் வரவில்லை. பேர் தெரியாதவனை எப்படி உள்ளே விடுவது என்று வெளியூர்க்காரன் கதவைச் சாத்திவிடுகிறான். கேட்டதும் எனக்கு அவன் செய்தது நியாயமாகத்தான் பட்டது. நான் மட்டும் என்ன, பேர் தெரியாதவனுக்குக் கதவைத் திறப்பேனா?

இதைச் சரிபண்ண நமக்குத் தெரியாதா என்று தமிழு சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். திரும்புகிற வழிக்கென்று பெட்டிக்குள் தனியாக ஒரு பட்டியல் போட வேண்டுமாம். அதில் நம்பரைக் கடைசியிலிருந்து தொடங்கி முன்னால் வரைக்கும் தலைகீழாக எழுத வேண்டுமாம். தலைகீழாக எழுதுவதெல்லாம் யார் செய்கிற வேலை என்று நமக்குத் தெரியாதா? எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு எலுமிச்சம்பழத்தைப் பெட்டி மேல் வைத்தேன். "எடு அண்ணி, உள்ள சாறு எறங்குனா அண்ணன் வந்து என்னை அடிக்கும்" என்றாள். எடுத்துவிட்டேன். பேருக்குக் கடைசியில் ஒரு புள்ளி வைக்க மறந்துவிட்டாள். புள்ளி வைக்காவிட்டால் பேர் முடிந்தது என்று பெட்டிக்குத் தெரியாதாம், தன் பங்குக்குக் கடைப் பேரை இன்னொரு தடவை சேர்த்துக்கொண்டதாம். அதைக் கண்டுபிடிப்பதற்குள் ஒரு பொழுது போயிற்று. கடைசியில் புள்ளி வைத்து, பெட்டியிடமே நம்பரைச் சொல்லிக் கேட்டாள். பேர் வந்தது. தேரடிக் கடையிலிருந்து டீ வாங்கி வரச் சொன்னோம், கூட கீரை வடை. பாய்க்குப் போன் பண்ணி எல்லாம் சரியாகிவிட்டது என்றோம்.

பாய் போனை வைத்துவிட்டார். மறுநாள் நேரிலேயே வந்துவிட்டார், சிதம்பரத்திலிருந்து பஸ் பிடித்து. கோபமாக வருகிறவர் கையில் தூக்குச்சட்டி. அவர் வீட்டம்மா ஆசியா உம்மாள் உங்களுக்குப் பிடிக்கும் என்று எப்போதும் கொடுத்தனுப்பும் முட்டை இனிப்பு, வட்டிலப்பம். நீங்கள் இல்லை என்று தெரிந்தும் அந்தம்மாள் கொடுத்தனுப்புவதை நிறுத்தவில்லை. நான் தட்டில் வைத்துக் கொடுத்தேன், அவர் தொடவில்லை.

"நேத்தும் அத்தனையும் திரும்பி வந்துடுச்சி அக்கா."

"வராதே பாய், சரி பண்ணிட்டமே. தமிழு, கேட்டுக் காட்டு."

தமிழு பெட்டியைக் கேட்டாள். பேர் வந்தது. பாய் தன் போனை எடுத்து, நம் கடை லைனில் சேராமல் அவர் சிம்மிலேயே கேட்கச் சொன்னார். அவள் கேட்டாள். பேர் வரவில்லை.

"நீங்களே கேட்டு நீங்களே பதில் சொல்லிக்கிட்டா ஆச்சா? பொண்ணு வூட்டுக்காரவுங்களே பொண்ணப் பாத்து, பொண்ணு புடிச்சிருக்குன்னு சொன்ன மாதிரில்ல இருக்கு" என்றார் பாய். தமிழு தலையில் அடித்துக்கொண்டாள். பேர் நம்முடையது, அதற்கு நம்பர் எது என்று நாம் சொன்னால் ஊர் கேட்டுக்கொள்ளும். ஆனால் நம்பர் லைன் கம்பெனிக்காரனுடையது. நம்பரைச் சொல்லிப் பேர் கேட்கிறவன் நம் பெட்டியைத் தேடி வர மாட்டான், நம்பருக்குச் சொந்தக்காரனைத்தான் கேட்பான். பழைய நம்பருக்கு நீங்கள் முன்னாலேயே கம்பெனியில் சொல்லி வைத்திருக்கிறீர்கள். புது நம்பருக்கு யாரும் சொல்லவில்லை. நாங்கள் பெட்டிக்குள் எழுதிய பட்டியல் எங்கள் வீட்டுக்குள் மட்டும் செல்லுகிற பட்டியல்.

பாய் எழுந்துகொண்டார். "வெள்ளிக்கிழம ஜும்மா முடிஞ்சி பாப்பேன் அக்கா. அதுக்குள்ள சரியாவலன்னா எம்மவ நஜியா சொல்ற வெளிக் கம்பெனிக்கு மாத்திடுவேன். அண்ணன் முகத்துக்காவத்தான் இம்மாம் நாளு பொறுத்தேன்" என்றார். நியாயமான மனிதர். வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்து வட்டிலப்பத்தைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

இன்றைக்குக் காலையில் லைன் கம்பெனிக்குப் போன் பண்ணினோம். பாட்டெல்லாம் பாடி முடித்து அன்பரசு என்று ஒரு தம்பி பேசினார். தமிழு ஸ்பீக்கரில் போட்டு எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னாள். "பண்ணிடலாம் மேடம், சின்ன வேலதான். கனெக்‌ஷன் யாரு பேர்ல இருக்குன்னு சொல்லுங்க" என்றார்.

"எங்கண்ணன் பழனிவேல் பேர்ல."

"நீங்க தங்கச்சிங்களா? பேப்பர்ல தங்கச்சி இல்லைங்களே. அவுரு இல்லன்னா மனைவி தில்லையம்மாள்னு இருக்கு. அவுங்கதான் பேசணும், அவுங்கதான் பேர சொல்லணும். ரெக்கார்டு ஆவுது."

தமிழு போனை என் பக்கம் நகர்த்தினாள். மாமா, இது உங்களுக்கே தெரிந்த கதை. கல்யாணமான நாளிலிருந்து உங்கள் பேர் என் வாயில் வந்ததில்லை. ரேஷன் கடையில் கார்டைக் காட்டுவேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டபோது உங்கள் கையில் கட்டியிருந்த சீட்டைக் காட்டினேன். சிதம்பரம் கோயிலில் உங்களுக்காக அர்ச்சனை செய்யப் போய், பேர் நட்சத்திரம் கேட்டால் சாமி பேருக்கே செய்யுங்கள் என்று சொல்லிவிடுவேன். உங்களுக்குச் சேர வேண்டிய அர்ச்சனையெல்லாம் இத்தனை வருஷமாக சாமியே வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறார். போனில் எதைக் காட்டுவது? அந்தத் தம்பியிடம் சாடையாகச் சொல்லிப் பார்த்தேன்.

"சாமி பேருங்க தம்பி."

"எந்த சாமிம்மா?"

"மலை மேல இருக்கும்."

"வெங்கடேசனா?"

"அது பெரிய மலை. இது மொட்டை போடுற மலை."

"அங்கயும் மொட்டைதாம்மா போடுறாங்க."

"இது கோவணம் கட்டுன சாமி தம்பி."

"தண்டபாணியா?"

"கிட்ட வந்துட்டீங்க. ஊரு பேரச் சொல்லிட்டு, சாமி கையில இருக்கிறதையும் சேத்துக்குங்க."

"அம்மா, நான் கண்டுபுடிச்சா செல்லாதும்மா. நீங்க சொன்னாத்தான் செல்லும்" என்றார். தமிழு எழுதிக் காட்டினாள், கையைக் கூப்பினாள், கடைசியில் போனைக் கையால் மூடிக்கொண்டு சண்டைக்கு வந்துவிட்டாள்.

"ஏன் அண்ணி சொல்ல மாட்டேங்கிற?"

"சொன்னா அவருக்கு ஆயுசு கொறையும்டி."

"இனிமே கொறையறதுக்கு என்ன இருக்கு அண்ணி?"

சொல்லிவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குக் கோபம் வரவில்லை. உங்களைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட, எனக்குத் தெரிந்தது வேறு, உள்ளே இறங்கியது வேறு. நான் பேரைச் சொல்லாமல் காப்பாற்றிக்கொண்டிருந்த ஆயுசு முடிந்து பொங்கலும் வந்து போய்விட்டது என்பது அந்தப் போன் முன்னால்தான் உறைத்தது. போனை எடுத்து, "பழனிவேல்" என்றேன். போனை இன்னும் கிட்டப் பிடித்தேன். "பழனிவேல்" என்றேன். தம்பிக்குக் கேட்டதோ இல்லையோ என்று மறுபடி, "பழனிவேலுங்க, எங்க வூட்டுக்காரரு பேரு பழனிவேல்" என்று சத்தமாகவே சொன்னேன். தமிழு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தத் தம்பி, "சரிங்கம்மா" என்று சொல்லி எழுதிக்கொண்டார்.

பிறகு, "நம்பருக்கு என்ன பேரு வைக்கணும்?" என்று கேட்டார். "பழையபடியே தில்லைன்னு வைங்க, பின்னாடி எங்க கடைப் பேரு" என்றாள் தமிழு.

என்னது தில்லை என்று கேட்டேன். பெட்டியின் பேராம். நீங்கள் வைத்ததாம். வெளியில் யார் நம்பரைச் சொல்லிக் கேட்டாலும் இத்தனை வருஷமாக அந்தப் பேர்தான் போய்க்கொண்டிருந்ததாம். சிதம்பரத்துச் சாமியை நினைத்து வைத்திருப்பார் என்றேன். "எங்கண்ணனா? கோயிலுக்கு வந்தா உள்ள வராம வாசல்ல செருப்புக்குக் காவல் நிக்கும். அது சாமி பேரு வைக்குமா? உன் பேரு அண்ணி. இந்த சின்னப் பெட்டிக்கு அருண்னு வச்சிருக்கு. பிரிண்டருக்கு என் பேரு, ஓயாம கத்தும், வேல செய்யாதுன்னு" என்றாள். வீட்டில் ஒரு நாள் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறீர்களா? இந்தா, இந்தா புள்ள, அவ்வளவுதான். அப்படிப்பட்டவர் துபாயிலும் சிங்கப்பூரிலும் கேட்கிறவனுக்கெல்லாம் என் பேரைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். பெரிய ஆள்தான்.

மத்தியானம் அன்பரசு தம்பியே கூப்பிட்டு, போட்டாயிற்று, கொஞ்ச நேரத்தில் எல்லா ஊருக்கும் தெரிந்துவிடும் என்றார். ஆகவே இப்போது எல்லாம் சரியாகிவிட்டது. நாளைக்கு பாய் ஜும்மா முடித்துப் பார்க்கும்போது டிக்கெட் துபாய் போயிருக்கும். அருணிடம் ஒசூருக்கு வரவில்லை, பலகாரத்தை மட்டும் பஸ்ஸில் போட்டுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். ராத்திரிச் சோற்றுக்குக் கத்தரிக்காய் கொத்சு வைக்கப் போகிறேன். என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். மனசு நிறைவாகத்தான் இருக்கிறது.

பெரியவர்களை அங்கே பார்த்தால் என் நமஸ்காரத்தைச் சொல்லவும், சின்னவர்கள் யாரும் அங்கே இருந்தால் ஆசீர்வாதம், இருக்க வேண்டாம் என்பதே என் வேண்டுதல். ஏசி நன்றாக ஓடுகிறது.

இப்படிக்கு,
உங்கள் தில்லையம்மாள்
(பெட்டி அல்ல)

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் நம்ப வேண்டாம். இந்தக் கடிதம் அனுப்பிய கையோடு எனக்கே திரும்பி வந்துவிட்டது. தமிழு நம்பரைச் சொல்லிக் கேட்டுப் பார்த்தாள். இந்தத் தடவை பேர் வந்தது, ஆனால் தில்லை வரவில்லை, பழனிவேல் என்று வந்தது, பின்னாடி நம் கடைப் பேர். அன்பரசு தம்பிக்குப் போன் போட்டு என்ன தம்பி இப்படி என்றேன். "அந்த மேடம் சொன்ன பேரையும் எழுதித்தான் வச்சிருந்தேன். ஆனா நீங்க அவ்ளோ கஷ்டப்பட்டு ஒரு பேரச் சொன்னீங்க. அத வுட்டுட்டு இன்னொன்ன வைக்க எனக்கு மனசு வரலம்மா" என்கிறார். அவரை என்ன சொல்லித் திட்டுவது? வெளியூர்க்காரன் அந்தப் பேரைக் கேட்டுக்கொண்டு, சரி, அந்தப் பேருக்கு என்ன நம்பர் என்று திரும்ப நம் பெட்டியைக் கேட்டிருக்கிறான். அப்படி ஒரு பேர் எனக்குத் தெரியாது என்று நம் பெட்டி சொல்லிவிட்டிருக்கிறது.

இரண்டு வழி இருக்கிறது என்றாள் தமிழு. கம்பெனியில் சொல்லி தில்லை என்று மாற்றலாம், அதற்குத் திரும்ப ஒருதரம் ரெக்கார்டில் பேசணும். இல்லாவிட்டால் அவர்கள் போட்டது இருக்கட்டும், நம் பெட்டியில் உங்கள் பேரை எழுதி நேரே இந்த நம்பரைப் போட்டுவிடலாம், இரண்டும் பொருந்திவிடும். பெட்டி போகிற இடத்தில் நான் இன்னார் என்று சொல்கிற பேரையும் மாற்ற வேண்டும். அது நம் கையில் இருக்கிற வேலை. இரண்டாவதைச் செய் என்றேன். உங்கள் பேரை மட்டும் நான் அடிக்கிறேன் என்று உட்கார்ந்தேன். அவள் இங்கிலீஷ் எழுத்தாகச் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றாகத் தேடித் தேடி அடித்தேன். கடைசியில் புள்ளியும் வைத்தேன். பாய்க்குப் போன் பண்ணினோம், ஒரு டிக்கெட்டை அனுப்பிப் பார்த்தார். திரும்பி வரவில்லை. "அல்ஹம்துலில்லாஹ், போயிடுச்சி அக்கா" என்றார். தமிழு சோதனை என்று ஒரு வார்த்தை அனுப்பினாள், மேசை டிராயரில் சார்ஜில் கிடக்கும் உங்கள் போன் டிங் என்றது. அடுத்தது இந்தக் கடிதம்தான்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அடித்து முடித்ததும் சரியாக இருக்கிறதா என்று உங்கள் பேரை ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். காலையில் சொன்ன மாதிரி கஷ்டமாக இல்லை, நன்றாகத்தான் இருந்தது. நீங்களும் இதே நாற்காலியில் உட்கார்ந்து என் பேரை இந்தப் பெட்டியில் அடித்த அன்றைக்கு, ஒரே ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தீர்களா மாமா?